வலது மூலைக்கு ஓர் ஆள்

லண்டனில் வண்டிக்குள் பேஸ்பால் மட்டை வைத்திருப்பவர்கள் இரண்டே வகை. ஒன்று அடிதடிக்காரர்கள். இன்னொன்று பேஸ்போல் அண்ணை. அந்த மட்டையை பேஸ்பால் ஆடுவதற்காகவே வாங்கிய ஒரே லண்டன்வாசி அவர்தான் என்று எந்தக் கோர்ட்டிலும் நான் சத்தியம் செய்யத் தயார்.

அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். யாழ்ப்பாணத்துக்காரர். தொழில், கல்யாணங்களுக்கு மணவறை போடுவது. தூண், வெல்வெட் மெத்தை, பிளாஸ்டிக் பூ எல்லாவற்றையும் வேனில் அடைத்துக்கொண்டு டூட்டிங், இல்ஃபோர்ட் என்று அலைவார். வெளிநாட்டுக் கல்யாணம் என்றால் பாரிஸ், சூரிக், ஒஸ்லோ என்று பறப்பார். பள்ளிக்கூடத்தில் எல்லே ஆடினாராம். பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுகிற இலங்கை விளையாட்டு அது. பேஸ்பால் அதற்குக் கையுறை போட்ட தம்பி என்பது அவர் கட்சி.

நான் கோயம்புத்தூர்க்காரி. ஹரோவில் வீடு, சூரிக்கில் வேலை. திங்கட்கிழமை போய் வெள்ளிக்கிழமை திரும்புகிற ரகம். என் வீட்டுக்காரர் என்னைவிட என் பெட்டியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார். வெளியே போகிற பெட்டி, உள்ளே வருகிற பெட்டி.

அண்ணையை முதலில் பார்த்தது சூரிக் விமான நிலையத்தில். மடியில் பெரிய தோல் கையுறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "தங்கச்சி தமிழோ?" என்று ஆரம்பித்தார். ஊரைச் சொன்னேன். "அப்ப கிரிக்கெட்காரர்," என்றார், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட குரலில். அடுத்த மாதம் ஹரோ ஸ்டேஷன் படிக்கட்டில் பார்த்தேன். கையசைத்தார், அவ்வளவுதான். மூன்றாவதாக டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் கொத்துரொட்டிக்குக் காத்திருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பேஸ்பாலில் மூன்று பந்தைத் தவறவிட்டால் ஆள் அவுட். அந்தச் சட்டத்தையே அண்ணை வாழ்க்கைக்கும் வைத்திருந்தார். ஒருவரைத் தற்செயலாக இரண்டு தரம் பார்த்தால் விட்டுவிடுவார். மூன்றாவது தரம் பார்த்துவிட்டால் அது விதி அனுப்பிய ஆள். விடக்கூடாது, டீமில் சேர்த்துவிட வேண்டும். அப்படிச் சிக்கியவர்கள்தான் அவர் டீம் முழுக்க. கோயில் குருக்கள் ஒருவர் பந்து வீசினார். மளிகைக் கடை இரட்டையர் இருவரில், கடையில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதால், ஒருவர்தான் வருவார். எந்த இரட்டையர் வந்திருக்கிறார் என்று கடைசி வரை எங்களுக்குத் தெரியாது.

"எனக்குப் பந்தே புடிக்க வராதுங்ணா," என்று கெஞ்சினேன்.

"பிடிக்கத் தேவையில்லை. வலது மூலையிலை நிண்டாக் காணும். அங்கை பந்து வராது. ஆனா ஆள் நிக்கோணும்."

நின்றால் போதுமாம். என் உத்தியோகத்துக்கும் இதே விளக்கம் பொருந்தியதால் மறுக்க முடியவில்லை.

மட்டையால் அவருக்கு வந்த வில்லங்கம் கொஞ்சமில்லை. ஒருநாள் போலீஸ்காரர்கள் வேனை நிறுத்தி, மட்டை இருக்கிறதே, பந்து எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பந்து முந்தின வாரம் முள்வேலிக்குள் போய்விட்டிருந்தது. அண்ணை பதறவில்லை. கல்யாணச் சாமான் பெட்டியிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்தார், இளம் போலீஸ்காரர் கையில் கையுறையை மாட்டினார், நடைபாதையிலேயே வகுப்பு எடுத்துவிட்டார். போலீஸ்காரர் பழத்தை அழகாகப் பிடித்தாராம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் அண்ணை வண்டியை எடுத்தார்.

எங்கள் முதல் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மைதானத்தில் ஓடுகிறவர் காலால் மிதிக்க நான்கு மூலையிலும் பேஸ் வைக்க வேண்டும். அண்ணை அன்று வேனில் இருந்த மணவறை மெத்தைகளைப் போட்டிருந்தார். சிவப்பு வெல்வெட், சுற்றிலும் தங்கக் குஞ்சம். எதிர் டீம்காரர்கள் சேற்று ஷூவோடு ஜம்மென்று மிதித்து ஓடினார்கள். எங்கள் ஆட்களுக்குக் கால் எழவில்லை. பொண்ணு மாப்பிள்ளை உட்காருகிற இடமாயிற்றே. ஒருவர் மெத்தையைச் சுற்றிக்கொண்டு போனார். இரட்டையரில் யாரோ ஒருவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அவுட் ஆனார். குருக்கள் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்த மெத்தைக்கு ஓடினார். அம்பயர் எல்லோரையும் அவுட் கொடுத்தார். அடுத்த வாரம் அண்ணை ரப்பர் பேஸ் வாங்கிவிட்டார். அந்த மெத்தைகளை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு ஷூ தடம் லேசாகத் தெரிந்தது.

நாங்கள் ஆடியது, ஞாயிறு பொழுதுபோகாதவர்களுக்கென்று இருந்த ஒரு லீக்கின் கடைசிப் பிரிவில். தோற்றால் அங்கே யாரும் கோபிப்பதில்லை. ஆனால் ஒன்பது பேர் வந்தாக வேண்டும். மூன்று முறை ஆள் குறைந்தால் டீமையே நீக்கிவிடுவார்கள். கோடையில்தான் பேஸ்பால், கோடையில்தான் கல்யாணம் என்பதால் இரண்டு முறை ஆள் குறைந்துவிட்டது. மூன்றாவது ஞாயிறு நெருங்கும்போது அண்ணைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எட்டுப் பேர் உறுதி. ஒன்பதாவது நான். நானோ வேலை இழுத்ததால் அந்த வாரக் கடைசியிலும் சூரிக்கில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை விமானத்தைப் பிடித்தேன். அது தாமதம்.

இறங்கியதும் போன் அடித்தது. "தங்கச்சி, எங்கை நிக்கிறீங்கள்?"

"ஹீத்ரோங்ணா. டாக்ஸிக்கு ஓடறேன்."

"ஓடாதேங்கோ, விழுந்திடுவியள். நான் இஞ்சை சமாளிக்கிறன்."

எப்படிச் சமாளித்தார் என்பதைப் பிறகு குருக்கள் சொல்லித்தான் தெரியும். அம்பயர் கடிகாரத்தைப் பார்த்த நேரத்தில் அண்ணை ஒரு தேங்காயை எடுத்து வந்து, ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் வழக்கப்படி ஒரு சின்னப் பூசை உண்டு என்றாராம். அப்படி ஒரு வழக்கம் அதற்குமுன் எங்களுக்குக் கிடையாது. ஆங்கிலேயர் பக்தியில் குறுக்கிடுவார்களா? அம்பயர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். குருக்கள் தனக்குத் தெரிந்த மந்திரமெல்லாம் சொன்னார். அது தீர்ந்ததும் அர்ச்சனை. எட்டுப் பேருக்கும் பெயர், நட்சத்திரம். அதுவும் தீர்ந்ததும் எதிர் டீம் தலைவரிடம் போய் அவருடைய நட்சத்திரம் என்ன என்று கேட்டார். அவர் தன் பிறந்த தேதியைச் சொல்ல, குருக்கள் கண்ணை மூடிக் கணக்குப் போட ஆரம்பித்தபோது, நான் பெட்டியை உருட்டிக்கொண்டு புல்வெளியில் வந்துகொண்டிருந்தேன்.

ஆபீஸ் கோட்டும் குதிகால் செருப்புமாக வலது மூலையில் போய் நின்றேன். பெட்டி பக்கத்தில். அம்பயர் விரல் விட்டு எண்ணினார். ஒன்பது.

வராது என்று சொன்ன பந்து அன்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையுறையைத் தூக்கினேன். பந்து என் பெட்டியில் இடித்துத் தெறித்து ரோஜாப் புதருக்குள் போயிற்று. படுதோல்வி. ஆட்டம் முடிந்ததும் அண்ணை மைதானத்தின் மறுகோடியிலிருந்து என்னை நோக்கி ஓடி வந்தார். நான் திட்டு வாங்கத் தயாரானேன்.

"வடிவா நிண்டீங்கள், தங்கச்சி," என்றார். அவர் ஊரில் வடிவு என்றால் அழகு. கண் கலங்கியிருந்தது. பிறகு மணவறை கழற்ற நேரமாயிற்று என்று வேனுக்கு ஓடிவிட்டார்.

நான் போகிற ஊர்களில் என் வருகைக்காகக் காத்திருப்பது ஒரு பேட்ஜ், ஒரு நாற்காலி, நிறைய மீட்டிங். எட்டுப் பேரும் ஓர் அம்பயரும் ஒரு தேங்காயும் நான் வந்தால்தான் ஆச்சு என்று காத்திருந்தது அந்த ஒரு ஞாயிறுதான். அன்று ராத்திரி பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்காரரிடம் இதை இரண்டு தரம் சொன்னேன்.

போன வருடம் அண்ணை மகளோடு இருக்க டொரோண்டோ போய்விட்டார். பேஸ்பால் ஊர் என்பதால் அவருக்குச் சொர்க்கம் என்று நினைத்தோம். போனில் ஒரே புலம்பல். "இஞ்சை எல்லாருக்கும் விளையாடத் தெரியுது, தங்கச்சி. ஒருத்தரையும் கெஞ்சத் தேவையில்லை. என்னத்துக்கு இருக்கிறன் எண்டே விளங்கேல்லை." வைப்பதற்கு முன்னால் தயங்கிக் கேட்டார்: "ஒன்பது பேர் நிக்கிறீங்களோ?"

எட்டுப் பேர்தான். அவர் இடம் காலி. இந்த வருடமும் இரண்டு முறை ஆள் குறைந்துவிட்டது. பார்த்துக்கிறோங்ணா என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் ஹீத்ரோவில், டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பார்த்தேன். இதற்கு முன் அவரை சூரிக்கில் ஒரு வரிசையிலும், ஹரோவுக்குப் போகும் ரயிலிலும் பார்த்திருக்கிறேன். இது மூன்றாவது. பெட்டியை இழுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். தமிழா என்று கேட்டேன். சேலம் என்றார். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டு, விஷயத்தைச் சொன்னேன். மிரண்டுபோய், தனக்குப் பந்து பிடிக்கவே தெரியாது என்றார்.

"பிடிக்கத் தேவையில்லை," என்றேன். "நிண்டாக் காணும்."