காவடி எழுதிய கட்டம்

எந்தப் பாரத்தைப் பார்த்தாலும் அதில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக்கூடாது என்று நினைக்கும் வியாதி எனக்கு உண்டு. (விண்ணப்பத் தாளைத்தான் நாங்கள் பாரம் என்போம்.) தொண்ணூறுகளில், என் இருபத்திரண்டு வயதில், இந்த வியாதியால் தாய்மாமாவின் மூச்சுக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

அப்போது பாச்சாங்கில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடையில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தேன். வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் இயந்திரங்களை வாடகைக்கு விடும் கடை. நோயாளியின் காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், நிறுவனத்துக்குப் பாரம் அனுப்புவது என் வேலை. ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் எண் போட வேண்டும். இயந்திரத்துக்கு ஒன்று, மூக்கில் மாட்டும் குழாய்க்கு ஒன்று, காற்றை ஈரமாக்கும் தண்ணீர்ப் புட்டிக்கு ஒன்று, வெளியே கொண்டுபோகும் சின்னச் சிலிண்டருக்கு ஒன்று, அதை இழுத்துப்போகும் தள்ளுவண்டிக்குத் தனியாக இன்னொன்று. மூச்சை இத்தனை துண்டாக நறுக்கி எண் போட்ட மனிதர் யார், அவர் வீட்டில் சோறு எப்படிப் பரிமாறுவார்கள் என்றெல்லாம் யோசிப்பேன். அந்த எண் புத்தகத்தைச் சாப்பிடும்போதுகூடக் கீழே வைக்கமாட்டேன்.

மாமா முப்பது வருடம் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டவர். ஷீட்டோடு சேர்ந்து நுரையீரலும் காய்ந்துபோனது. மஸ்ஜித் தானாவில் மகன் வீட்டில் இருந்தார். மகன் வேலை பார்த்த தொழிற்சாலையின் காப்புறுதியில் அவருக்கும் இடம் இருந்தது. என் முகத்துக்காகத் தவுக்கே இயந்திரத்தையும் சின்னச் சிலிண்டரையும் ஒரு மாதத்துக்குக் கொடுத்தார். அதற்குள் பாரம் பாஸாகாவிட்டால் எல்லாம் கடைக்குத் திரும்பிவிடும்.

சின்னச் சிலிண்டருக்கு மட்டும் கூடுதலாக ஒரு கட்டம் இருந்தது. நோயாளி எதற்காக வெளியே போகிறார்? நான்கு வரி இடம். மாமாவிடம் கேட்டேன்.

"கிளினிக்குக்குத்தான். வேற எங்க போறேன்?"

"நாலு வரி இருக்கு மாமா. இன்னும் ஏதாச்சும் சொல்லுங்க."

"மாசி மகத்துக்குக் காவடி எடுக்கணும். நேந்துகிட்டேன் லா."

என்ன வேண்டுதல் என்று மட்டும் நான் கேட்கவில்லை. (ஊரில் மற்ற எல்லாவற்றையும் கேட்பவள்.) கிளினிக், காவடி என்று எழுதி, காவடி என்றால் என்ன, எவ்வளவு கனம், எத்தனை மைல் நடக்க வேண்டும் என்பதையும் ஆங்கிலத்தில் விளக்கினேன். கட்டம் நிரம்பி வழிந்தது. நிம்மதியாக அனுப்பிவைத்தேன்.

பத்தாம் நாள் தவுக்கே கூப்பிட்டார். இத்தனை மைல் காவடி தூக்குகிற ஆளுக்கு ஆக்சிஜன் எதற்கு என்று நிறுவனம் கேட்டிருந்தது. நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருகிறாராம். முன்பெல்லாம் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்த மாமா, அந்த இயந்திரம் வந்த பிறகுதான் படுத்துத் தூங்க ஆரம்பித்திருந்தார்.

அதிகாரி ஒரு மலாய் அம்மா. அவரை அழைத்துக்கொண்டு உள்ளே போனால், மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, திருநீறு பூசி, மாப்பிள்ளைக்கு அப்பா மாதிரி நிற்கிறார். மூக்கில் குழாய் இல்லை.

இயந்திரம் எங்கே என்று அதிகாரி மலாயில் கேட்டார். அது சோபாவுக்குப் பின்னால், மாமியின் சேலைக்கு அடியில் இருந்தது.

"வீட்டுக்கு ஆளு வர்றப்ப ஆஸ்பத்திரி மாதிரியா வச்சிருக்கிறது?" என்றார் மாமி, கையில் குடிக்கக் கலக்கிய சிரப் தண்ணியோடு. இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் விருந்தாளிக்காகக் காற்றாடியைச் சொருகியிருந்தார்.

வாசல் கேட்டு வரை நடந்து காட்டச் சொன்னார் அதிகாரி. செம்பருத்திச் செடி வரைக்கும் மாமாவின் கம்பீரம் தாங்கியது. அதற்குப் பிறகு தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு நீலம் பூத்தது. அவர் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்த அதிகாரி, என்னை உள்ளே விரட்டினார். காற்றாடியைப் பிடுங்கி இயந்திரத்தைச் சொருகினேன். மாமா செத்துவிடுவார், கொன்றது நான்தான் என்றே நினைத்தேன். அப்போது நான் வேண்டிக்கொண்டதற்கு அந்த எண் புத்தகத்தில் எண் கிடையாது.

மாமாவை உள்ளே உட்காரவைத்துக் குழாயை மாட்டி, மூச்சு நிதானப்பட்டதும் அதிகாரி பாரத்தை விரித்து, இந்தக் காவடி என்ன வேண்டுதலுக்கு என்று கேட்டார். மாமா குழாயோடு என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. இந்த மெசின் பாஸாயிட்டா எடுக்கிறேன்னு நேந்துகிட்டேன்."

மலாயில் சொன்னேன். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, கிளினிக் என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்து, மிச்சம் மூன்றரை வரியையும் அடித்தார். ஓரத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

பாரம் பாஸானது. அந்த மாசி மகத்தில் மகன் காவடி எடுக்க, மாமா சக்கர நாற்காலியில், மடியில் சிலிண்டரோடு பின்னால் வந்தார். (தள்ளுவண்டியின் எண் மட்டும் பாஸாகவில்லை.)

போன மாதம் என் மகளின் பள்ளிக்கூடப் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில், வேறு விவரங்கள் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்தேன். அடுக்களையிலிருந்து, இப்போது என்னோடு இருக்கும் மாமியின் குரல் வந்தது.

"காவடிய எழுதிடாத."