கொக்கரித்த கார்

"ஏண்டி, ஒனக்கு வேற சோலியே இல்லையா? காரு விக்கிற எடத்துல போயிக் கேக்க வேண்டியத அடுப்படியில வந்து என்கிட்டக் கேக்குறே. நான் என்ன மந்திரியா?"

என் பேத்தியைத்தான் திட்டினேன். சென்னையில் வேலை பார்க்கிறவள், லீவுக்கு வந்திருக்கிறாள். பழைய காரை ஒப்படைத்துவிட்டுப் புதுக் கார் வாங்கினால் அரசாங்கம் சலுகை தருகிறதாம். அதெல்லாம் நிஜமாகவே பலன் தருமா அம்மாச்சி என்று கேட்கிறாள். நானோ மூன்றாம் வகுப்பில் வாத்தியாரிடம் அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தவள், திரும்பிப் போகவே இல்லை. (வாத்தியாரும் தேடி வரலை. ரெண்டு பேருக்கும் நிம்மதி.) என்னிடம் கேட்கிற கேள்வியா இது?

ஆனால் கேட்கும்போதே சிரிக்கிறாள் கள்ளி. அவளுக்கு வேண்டியது பதில் இல்லை, கதை. அவள் தாய் வயிற்றில் இருந்தபோது நடந்த கதை. நூறு தடவை கேட்டும் அலுக்கவில்லை அவளுக்கு. சொல்லித் தொலைக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. காரைக்குடி பக்கத்தில் கண்டனூரில் இருந்தோம். கண்டனூர் என்றதும் அரண்மனை மாதிரி வீடுகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். அதெல்லாம் செட்டியார் வீடுகள். எங்களுக்கு வயலும் ஓட்டு வீடும்தான். கல்யாணம் காட்சிக்கு மட்டும் ஊருக்கு வந்து பூட்டைத் திறக்கிற ஒரு செட்டியார், கொட்டகையில் கிடந்த தன் காரை என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டார். இவரும் ராஜாவைப் போல ஏறி உட்கார்ந்துகொண்டார். அது ஓடிய தூரத்தைவிட நாங்கள் அதைத் தள்ளிய தூரம் அதிகம்.

எங்கள் மகள் வள்ளியைத் தேவகோட்டையில் கட்டிக் கொடுத்தோம். மறுவீட்டுக்குச் சம்பந்தி வீட்டாரை நாங்களே காரில் அழைத்து வந்தோம். பாதி வழியில் அது படுத்துவிட்டது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்பந்தி இறங்கித் தள்ளினார். சம்பந்தியம்மா சாலையோரப் புளியமரத்தடியில் நின்றுகொண்டு சொன்னார்:

"எங்கள கார்ல கூட்டிக்கிட்டுப் போறீகன்னுல்ல நெனச்சோம். காரையும் நாங்கதேன் கூட்டிக்கிட்டு வரணுமா?"

அன்றோடு என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் போயிற்று. வள்ளிக்கு வளைகாப்புப் போட்டுப் பிரசவத்துக்கு அழைத்து வருகிற அன்று, தேவகோட்டை வாசலில் புதுக் கார்தான் நிற்க வேண்டும் என்று சபதம் போட்டார். பழைய காரைக் கொட்டகையில் தள்ளிவிட்டு வயலில் வந்ததையெல்லாம் சேர்த்து வைத்தார். அப்படியும் கொஞ்சம் துண்டு விழுந்தது.

எனக்கும் ஒரு சபதம் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு வீட்டுக் கோழிதான் கொடுக்க வேண்டும், கடைக் கோழி ஆகாது. அதனால் செவலையை அடை வைத்திருந்தேன். (செவலை எங்க வீட்டுக் கோழி. எனக்கும் அதுக்கும் ஒரே குணம். ஒக்காந்தா எந்திரிக்க மாட்டோம்.) அது அடைகாக்கத் தேர்ந்தெடுத்த இடம், சும்மா நின்ற காரின் பின்சீட்டு. பஞ்சு மெத்தை, மேலே கூரை, பூனை வராது. பெரிய ஆஸ்பத்திரியில்கூட அந்த வசதி கிடையாது. நானும் முட்டைகளை அங்கேயே வைத்து, ஜன்னலில் பழைய சேலையைக் கட்டிவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. "காருக்குள்ள கோழியப் பார்த்தேன், அன்னிக்கே கொழம்புதேன்" என்று அவர் முன்பே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

வளைகாப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது காரைக்குடியிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏ புள்ள, நம்ம கவல தீந்துச்சு! மதுரையிலருந்து கார் கம்பெனிக்காரக பந்தல் போட்ருக்காக. பழைய வண்டியக் குடுத்தா புதுசுல தள்ளுபடியாம். ஊருல பொக கொறையணும்னு அரசாங்கமே சொல்லுதுன்னு மைக்குல சொல்றாக. வண்டி எந்த லட்சணத்துல இருந்தாலும் பரவாயில்லையாம். தானா ஓடி வந்து நிக்கணும், அம்புட்டுத்தேன்."

சலுகை அரசாங்கம் கொடுத்ததா, கம்பெனி கொடுத்ததா, மைக் கொடுத்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கார் தானாக ஓடுமா என்பதுதான் எங்கள் கவலை.

மெக்கானிக் சவரிமுத்து வந்தார். வந்த வேகத்திலேயே சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார்.

"அக்கா, பின்னாடி கோழி!"

"கத்தாதப்பா. நீ முன்னாடி வேலையப் பாரு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா இன்னிக்கு ஒனக்கும் சேத்துக் கோழிக் கொழம்பு."

"ஐயய்யோ, எங்களுக்குத் தவக்காலம்க்கா. ஈஸ்டர் வரைக்கும் கறி தொட மாட்டேன்."

செவலையைக் காப்பாற்றியது அந்தத் தவக்காலம்தான். வேறு மாதமாக இருந்தால் சவரிமுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார் என்று சொல்வதற்கில்லை.

இன்ஜின் எப்படியோ உயிர் பெற்றது. நடுவில் அணைத்தால் திரும்பக் கிளம்பாது, நிற்காமல் போய்ச் சேர வேண்டும் என்றார் சவரிமுத்து. இப்போது எனக்குத்தான் வந்தது வினை. அடைக்கோழியை இடம் மாற்றினால் முட்டையை விட்டுவிடும். காரோடு போனால்? நன்றாக யோசித்தேன். கோழி இடம் மாறவில்லை, இடம்தானே ஊர் மாறுகிறது! (எனக்கு இருந்த அறிவுக்கு நாலாங்கிளாஸ் தேவையே இல்லை.) பந்தல்வரை போய், காரை ஒப்படைத்ததும் சீட்டோடு கழற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம்.

"நானும் வாரேன்" என்றேன்.

"நீ எதுக்கு?"

"இத்தன வருசம் வாழ்ந்த காரு. வழியனுப்ப வேணாமா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சவரிமுத்து ஓட்ட உட்கார்ந்தார், பக்கத்தில் என் வீட்டுக்காரர். நான் பின்சீட்டில் ஏறி, முந்தானையை விரித்துச் செவலையை மூடிக்கொண்டேன். வழியெல்லாம் அது என் தொடையைக் கொத்தியது. நான் "ஸ்ஸ்" என்கிற போதெல்லாம், பிரிவுத் துயரம் என்று நினைத்து முன்சீட்டிலிருந்து அவர், "விடு புள்ள, விடு" என்று ஆறுதல் சொன்னார்.

பந்தலில் கழுத்துப்பட்டை கட்டிய அதிகாரி ஒருவர் வந்தார். சுற்றி நல்ல கூட்டம். எல்லோரும் ஓட்டை உடைசல்களோடு வந்து நின்றார்கள்.

"அம்மா, எறங்குங்க."

"காலு மரத்துப்போச்சு தம்பி. நீங்க பாட்டுக்குப் பாருங்க."

விளக்கைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். பிறகு கையை உள்ளே விட்டு ஹாரனை ஓர் அழுத்து அழுத்தினார். ஹாரன் அலறியது. என் மடிக்குள்ளிருந்து "கொக்... கொக்... கொக்" என்றது.

அதிகாரி காதைத் தீட்டினார். "என்ன சத்தம் அது?"

என் வீட்டுக்காரர் விழித்தார். சவரிமுத்து பதறிப்போய், "அது பின் ஆக்சில் சார்" என்றார்.

மறுபடி ஹாரன். மறுபடி "கொக்... கொக்". அதிகாரி முழங்கால் போட்டுப் பின்சக்கரத்தில் காதை வைத்துக் கேட்டார். நான் செவலையின் தலையைத் தடவினேன், அது இன்னும் சத்தமாகப் பேசியது. என் வீட்டுக்காரரும் மண்டியிட்டு இன்னொரு சக்கரத்தில் காதை வைத்தார். கூட்டத்தில் ஒருவர் அனுபவசாலி போல, "பேரிங் தேஞ்சுபோச்சு" என்றார். இன்னொருவர், "எங்க மாமா வண்டியிலயும் இதே சத்தம்தேன்" என்றார். (அந்த மாமா வண்டியில என்ன கோழி கெடந்துச்சோ!)

அதிகாரி எழுந்து தூசியைத் தட்டினார். "ஆக்சில் போன வண்டிய ஓடுற வண்டின்னு எடுக்க முடியாது சார். தள்ளுபடி கெடைக்காது. திருப்பிக் கொண்டுபோயிருங்க."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். தேவகோட்டைச் சாலையில் சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டியபோது பார்த்த அதே முகம். தள்ளுபடி இல்லையென்றால் புதுக் கார் இல்லை. அடுத்த வாரம் வள்ளி வாசலில் நின்று பார்ப்பாள், நாங்கள் டவுன் பஸ்ஸில் போய் இறங்குவோம், சம்பந்தியம்மா வாயைத் திறப்பார். கோழியைக் காட்டினால் வீடு போய்ச் சேரும்வரை திட்டு. கோழியை மறைத்தால் அந்த மனுஷன் மானம் போகும்.

"ஏப்பா, ஆக்சில் மேல பழி போடாதீக" என்று முந்தானையை எடுத்தேன். "சத்தம் இதுதேன்."

அதிகாரி நம்பாமல் கையை நீட்டினார். செவலை அவர் கழுத்துப்பட்டையைக் கவ்வி இழுத்தது. அப்புறம் எழுந்த சிரிப்பில் மைக் பிடித்தவர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சக்கரத்தடியில் மண்டியிட்டபடியே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிளகும் சீரகமும் வறுபடுகிற வாசனை வந்தது.

ஆனாலும் கார் தேறிவிட்டது. அதிகாரி மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, கோழியோட எறங்குங்கம்மா" என்றார். சீட்டைக் கழற்றிக்கொள்கிறேன் என்றால், சீட்டில்லாத காரை வாங்க மாட்டார்களாம்.

"இந்தக் கார ஒடைக்கத்தானே போறீக? சீட்டு எதுக்கு?"

"ஒடைக்கவா? அங்குட்டுப் பாருங்க" என்று கையைக் காட்டினார்.

பந்தலுக்குப் பின்னால் தரகர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்கள். முன்வாசலில் ஒழிந்த கார்களெல்லாம் பின்வாசலில் விலைபோய்க்கொண்டிருந்தன. புகை குறைய வேண்டும் என்று கொடுத்த வண்டிகள் புகையை விட்டுக்கொண்டே வேறு ஊர்களுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. எங்கள் கார் மேலும் ஒரு தரகர் கண் வைத்துவிட்டார்.

நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "திட்டுறத வீட்டுல வந்து திட்டுங்க. இதெல்லாம் வள்ளிக்குன்னு வச்ச முட்டை. புதுக் காரு நீங்க செய்யிற சீரு. இது நான் செய்யிற சீரு."

அவர் பளபளவென்று நின்ற புதுக் காரைப் பார்த்தார். செவலையைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தரகரிடம் போனார். சலுகையாகக் கிடைத்ததில் பெரும்பங்கு, எங்கள் காரை நாங்களே திரும்ப வாங்குவதற்குப் போயிற்று. அதனால் புதுக் காருக்கு விழுந்த துண்டுக்கு அன்றே கடன் சொன்னார்.

வீட்டுக்கு இரண்டு காரில் வந்தோம். முன்னால் புதுக் காரில் என் வீட்டுக்காரர் தனியாக, உர்ரென்று. பின்னால், சவரிமுத்து மறுபடி உயிர் கொடுத்த பழைய காரில் அவரும் நானும் செவலையும். வழியில் எந்த இடத்திலும் அது நிற்கவில்லை. வேண்டும்போது படுத்துக்கொள்ளும், வேண்டாமென்றால் ஓடும்; அதுதான் அந்தக் காரின் குணம்.

வளைகாப்பன்று தேவகோட்டை வாசலில் புதுக் கார் நின்றது. சம்பந்தியம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தும் சொல்வதற்கு ஒன்றும் அகப்படவில்லை. வள்ளி வீட்டுக்கு வந்த அன்று முதல் குஞ்சு ஓட்டை உடைத்தது. இந்தக் கள்ளி பிறந்த பிறகு அவள் தாய்க்கு வைத்த சாறெல்லாம் பின்சீட்டு வம்சம்தான். பார்க்க வந்த சம்பந்தியம்மாவும் இரண்டு கிண்ணம் குடித்தார். இன்றுவரை எங்கள் வீட்டில் யாராவது புதிதாக எதையாவது வாங்கப் போனால், "செவலையக் கேட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

ஆகையால், அந்தச் சலுகையெல்லாம் பலன் தருமா என்று கேட்கிற பேத்தியே, எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்லிவிட்டேன். ஒரு காரை ஒழிக்கப் போனோம், இரண்டாகத் திரும்பி வந்தோம். குஞ்சுகள் பிழைத்தன. அந்த வகையில் நல்ல திட்டம்தான்.

இரண்டு காரும் வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் ஊரே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு மீனா முதல் ஆளாக வந்தாள்.

"என்னக்கா, பழசக் குடுத்துட்டுப் புதுசு வாங்கப் போறோம்னீக. ரெண்டும் வந்து நிக்குது?"

நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு சொன்னேன்:

"குடுக்கத்தேன் போனோம் மீனா. உள்ள குடித்தனம் இருக்கு, காலி பண்ணச் சொல்றது பாவம்னு அரசாங்கமே திருப்பி அனுப்பிருச்சு."