கிளெனிஸ் அம்மையாருக்கு ஒரு புறா

'இது எனக்குக் கிடைத்த விருது அல்ல, உங்கள் எல்லாருக்கும் கிடைத்த விருது' என்று சொல்லிக்கொண்டே, அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிற ஓர் இனம் மனித குலத்தில் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கூட்டத்தில் தேடி அலைய வேண்டியதில்லை; புகைப்படக்காரர் எங்கே நிற்கிறாரோ அதற்கு நேர் எதிரே, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, 'அடடா, என்னை எதற்கு?' என்ற முகத்தோடு நிற்பார். சேவை செய்வார். உண்மையாகவே செய்வார். ஆனால் செய்த சேவை கேடயமாக உறைந்து கண்ணாடி அலமாரிக்குள் போய் உட்காரும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

ஆஸ்திரேலியாவில் கோல்பர்ன் ஆற்றங்கரையில், பீச்சும் பேரிக்காயும் விளைகிற ஊரில், ஒரு தொடக்கப்பள்ளியின் துணைத் தலைமையாசிரியை கிளெனிஸ் ஹாப்குட் இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி. திங்கட்கிழமை பெரு நாட்டுத் தோடு, செவ்வாய்க்கிழமை கென்யாப் பாசிமணி, புதன்கிழமை ராஜஸ்தான் சால்வை என்று வாரம் முழுவதும் உலகத்தைத் தன் உடம்பில் சுற்றிக்கொண்டு வருவார். அலுவலகத்தில் வேலை பார்க்கும் லோசாவைக் கண்டால் கைகூப்பி, "மாலோ லெலெய்!" என்பார். அது டோங்காக்காரர்களின் வணக்கம். லோசா சமோவாக்காரி. முதல் வருடம் லோசா திருத்தினாள், இரண்டாம் வருடம் சிரித்தாள், இப்போதெல்லாம் அவளும் பதிலுக்குப் பிரெஞ்சில் "போன்ஜூர்!" என்று சொல்லிவிடுகிறாள். கிளெனிஸுக்கு அதில் அளவில்லாத ஆனந்தம்.

வருடா வருடம் நல்லிணக்க நாளன்று பிள்ளைகள் கொடி பிடித்து நிற்க வேண்டும். கொடி கொடுக்கும்போது ஒரு சூடான் பெண்குழந்தையிடம் அவர் குனிந்து, "எங்கேருந்து வந்த கண்ணு?" என்று உருகினார்.

"நாலாம் கிளாஸ்லேருந்து மிஸ்."

இப்படிப்பட்டவரின் காதில், பல்பண்பாட்டுக் கல்விக்கும் சமூக நீதிக்கும் தலைசிறந்த பங்களிப்பு செய்தவருக்கு மாநில விருது என்ற செய்தி விழுந்தால் என்ன ஆகும்? விழுந்தது. ஆகவேண்டியது ஆயிற்று. நடுவர்கள் பள்ளிக்கே வந்து பார்ப்பார்களாம். பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டாமா? கிளெனிஸ் ஒரு நல்ல அறையைப் பிடித்து, உலக வரைபடம், முகமூடிகள், மூங்கில் குழல்கள், தம்முடைய படங்கள் எல்லாவற்றையும் வைத்துக் காட்சிக்கூடம் ஆக்கினார். அந்த அறையில்தான் வியாழன்தோறும் லோசா, வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய அம்மாக்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்திவந்தாள்.

லோசா போய் நின்றாள். "கிளெனிஸ், எங்க வகுப்பு அந்த ரூம்லதான நடக்குது?"

"தெரியும் கண்ணு. அதனாலதான் அந்த ரூமையே எடுத்தேன். உங்க கதையச் சொல்ல உங்க இடமே வேணும்ல?"

"அப்ப நாங்க எங்க உக்கார்றது?"

"விளையாட்டுச் சாமான் கொட்டகை சும்மாதான கெடக்கு? நடுவர்கள் வந்துட்டுப் போறவரைக்கும்தான். நான் என்ன எனக்காகவா செய்றேன்? உங்களுக்காக!"

"எங்களுக்காக எங்களையே வெளிய அனுப்புறீங்க."

"அதேதான்!" என்றார் கிளெனிஸ், தம்மைப் புரிந்துகொண்ட ஒரு ஜீவன் கிடைத்த பூரிப்பில்.

ஜூன் மாதக் குளிர். கொட்டகையில் ஹாக்கி மட்டைகளுக்கும் காற்றுப்போன பந்துகளுக்கும் நடுவே, சுருட்டி வைத்த பாய்களின் மேல் அம்மாக்கள் உட்கார்ந்தார்கள். யாராவது பலமாகத் தும்மினால் மேல் தட்டிலிருந்து ஒரு கூடைப்பந்து இறங்கி வரும். காட்சிக்கூடத்திலோ 'கற்கும் தாய்மார்கள்' என்ற பெரிய படம் ஒன்று தொங்கியது. படத்திலிருந்த தாய்மார்களுக்கு ஹீட்டர் இருந்தது.

இதில் ஷுக்ரியாவின் பாடுதான் திண்டாட்டம். அவள் ஆப்கானிஸ்தானின் ஹஸாரா இனத்தவள். பழம் பொதியும் ஆலையில் வேலை. குடியுரிமைத் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தாள். இம்முறை தேறினால்தான், பாகிஸ்தானில் குவெட்டாவில் தனியாகக் கிடக்கும் தங்கையை அழைத்துக்கொள்ள வழி பார்க்க முடியும். லோசா அவளுக்குக் கேள்வி கேட்டாள்: "இந்த நாட்டுல எல்லாருக்கும் சம வாய்ப்பு இருக்கா?"

"இருக்கு," என்றாள் ஷுக்ரியா, தலையில் சிக்கிய கோல் வலையை விலக்கிக்கொண்டே. "கொட்டகையில."

சிரிப்பில் ஒரு பந்து இறங்கி வந்தது. சிரித்து முடித்ததும் ஷுக்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏய் லோசா, அவங்களுக்கு என்ன வேணும்? ஒரு விருது. கெடைச்சுட்டா ரூம் நமக்கு. கவர்மெண்ட்டு குடுக்கறவரைக்கும் நாம ஏன் குளிர்ல சாகணும்? நாமளே குடுத்துருவோம்டி!"

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் சில கேலிகள் கால் முளைத்து நடக்கும். லோசா பழைய சாமான் கடையில் ஒரு கோப்பையைப் பிடித்தாள். யாரோ புறாப் பந்தயத்தில் ஜெயித்தது. உச்சியில் பித்தளைப் புறா. "சமாதானப் புறான்னு சொல்லிக்கலாம்," என்றாள். பெயர்ப் பலகையைச் சுரண்டி எடுத்தார்கள். மாதா கோயில் கூடத்துக்குப் பாதிரியார் சாவி தந்தார். எல்லாம் தயார். ஒன்றுதான் பாக்கி: எதற்காக விருது என்று மேடையில் யாராவது சொல்ல வேண்டுமே?

"தோடு போட்டதுக்கு," என்றாள் லோசா.

ஷுக்ரியா சிரிக்கவில்லை. கையிலிருந்த புறாவைக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நான் சொல்றேன். எங்கிட்ட ஒண்ணு இருக்கு."

சனிக்கிழமை மதியம் கிளெனிஸ் வந்தார். லோசாவின் சபைப் பெண்கள் மாலை மேல் மாலையாகப் போட்டதில் மூக்குக்கு மேலேதான் அவர் தெரிந்தார். ஒரு பக்கம் ஆப்கான் கறிக் கொழுக்கட்டையான மந்து ஆவி பறந்தது, இன்னொரு பக்கம் பன்றி வறுவல் மணத்தது, இரண்டுக்கும் நடுவே யாருக்கும் சண்டை வராதபடி லாமிங்டன் கேக் அடுக்கியிருந்தது. ஏற்புரையைக் கிளெனிஸ் கைப்பையில் எப்போதுமே வைத்திருப்பார். தேதியை மட்டும் மாற்றிக்கொள்வார். அதை எடுத்துக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டார்.

ஷுக்ரியா மேடையேறினாள். திக்கித் திக்கி, ஆனால் யார் உதவியும் இல்லாமல் பேசினாள்.

"என் மகன் முர்தஸா இந்தப் பள்ளிக்கூடத்துல சேந்தப்ப வாயத் தெறக்க மாட்டான். புத்தி மந்தம்னு எழுதி, வேற பள்ளிக்கு அனுப்பப் பாத்தாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. இவங்க ஒத்துக்கல. மெல்போர்னுக்குக் காரை ஓட்டிட்டுப் போயி, கல்வித் துறை ஆபீஸ் வாசல்ல உக்காந்துட்டாங்க. அவன் பாஷை தெரிஞ்ச ஆள் வந்து பரீட்சை வெச்சாத்தான் எந்திரிப்பேன்னுட்டாங்க. வந்தாங்க. வெச்சாங்க. அவன் இப்பப் பல் டாக்டருக்குப் படிக்கிறான். அன்னிக்கு இவங்க காதுல தோடுகூட இல்ல."

கிளெனிஸ் ஏற்புரையைப் பிரித்தார். பார்த்தார். மடித்தார். 'இது எனக்குக் கிடைத்த...' என்று ஆரம்பிக்க வேண்டிய வாய் கோணிக்கொண்டு போயிற்று. மாலைகளுக்குள்ளிருந்து ஒரு விசும்பல் வந்தது.

"அதையெல்லாமா ஞாபகம் வெச்சிருக்க? நானே மறந்துட்டேன் ஷுக்ரியா. அதை யாரும் படங்கூட எடுக்கலியே!"

"அதனாலதான் மறந்துட்டீங்க."

கேலிக்காக வந்த லோசாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, புறாவைப் பார்த்தாள். கிளெனிஸ் மூக்கைச் சிந்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு நான் என்ன செய்யணும்? சொல்லு."

"ரூமக் குடுங்க."

"எப்ப?"

"மந்து சாப்ட்டுட்டு."

சாப்பிட்டுவிட்டு ஊர்வலமாகப் போனார்கள். மாலையும் கழுத்துமாகக் கிளெனிஸ் முகமூடிகளைச் சுமக்க, பாதிரியார் உலக வரைபடத்தைச் சுருட்ட, ஒரு காங்கோ அம்மா மூங்கில் குழலை ஊதிக்கொண்டே முன்னால் நடக்க, பொழுது சாய்வதற்குள் காட்சிக்கூடம் கொட்டகைக்கும் வகுப்பு அறைக்கும் மாறியது. ஹீட்டரை லோசாவே போட்டாள்.

மாநில விருது என்னாயிற்று என்கிறீர்களா? நடுவர்கள் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தார்கள். அவர்களில் மூத்தவர் தும்மினார். பந்து இறங்கி வந்தது. விருது வேறு ஊருக்குப் போயிற்று. கிளெனிஸ் பெருந்தன்மையோடு வாழ்த்துச் சொல்லிவிட்டு இரண்டு நாள் தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டார். ஆனால் ஷுக்ரியா தேர்வில் தேறினாள். குடியுரிமைப் பிரமாணம் எடுத்த நாளில் நகர மன்றத்தார் அவளுக்கு ஒரு மரக்கன்று கொடுத்தார்கள்; கிளெனிஸ் கடைசி வரிசையில் நின்று கை வலிக்கத் தட்டினார். படமே எடுக்கவில்லை. சரி, ஒன்றே ஒன்று எடுத்தார். அதில் அவர் இல்லை. விரலின் நுனி மட்டும் இருந்தது.

இத்தோடு முடிந்ததென்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஊரில் பேச்சுப் பரவி, அம்மாக்களின் விருதை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. குழு அமைந்தது. தலைவி லோசா. இந்த ஆண்டு யாருக்கு என்று கூடிப் பேசியபோது, இந்த விருதையே உண்டாக்கியவரை ஊர் இதுவரை கவனிக்கவில்லை என்பதை லோசா, பொதுவாக, யாரையும் குறிப்பிடாமல், இரண்டு தடவை சொன்னாள்.

ஷுக்ரியா பெருமூச்சு விட்டாள். "சரிடி, புரியுது. உன் பேரப் பேசப் போறோம், வெளிய போய் நில்லு."

"ஐயோ, எனக்கெதுக்கு? வேண்டவே வேண்டாம்!" என்று பதறி எழுந்தாள் லோசா. கதவு வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "மேடைக்கு மஞ்சள் உடுப்பு நல்லாருக்குமா, நீலமா?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இந்தச் சாக்கடையில் கால் வைக்காதவர் நீங்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா, எனக்குத்தான் தெரியாதா? பேரும் புகழும் பாராமல் இத்தனை வருடம் சத்தமில்லாமல் உழைத்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருப்பதாக எனக்குத் தெரிந்த ஒரு குழு சொல்லிற்று. பலகையில் பெயர் பொறிக்க வேண்டுமாம். உங்கள் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து ஒன்றா, இரண்டா?

பார்த்தீர்களா! மனதுக்குள் பதில் சொல்லிவிட்டீர்கள்.