மஞ்சள் விளக்கை மூடிய டாக்டர்

'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற நான்கே சொற்களை வைத்துக்கொண்டு காலந்தள்ளும் ஒரு ரகம் மனிதருக்குள் உண்டு. நாம் பார்க்கப்போகிறவர் ஒரு பதிப்பகத்தின் கம்ப்யூட்டர் பொறுப்பாளர். ஊழியர்களுக்கு அவர் 'டாக்டர்'. எல்லாருடைய வேலையும் சேர்ந்து கிடக்கும் சர்வரின் மேல் காதை வைத்துக் கேட்பார். அதனால் வந்த பட்டம்.

அந்தச் சர்வரோடு ஒரு டேப் டிரைவும் இருந்தது. அன்றன்றைய வேலையை டேப்பில் பிரதியெடுத்து வைப்பது அதன் உத்தியோகம். ஒருநாள் அதில் மஞ்சள் விளக்கு எரிந்தது. 'உள்ளே அழுக்கேறிவிட்டது, துடைத்துவிடு' என்று தனக்குத் தெரிந்த மொழியில் கேட்கிறது, பாவம். டாக்டர் சும்மா இருப்பாரா? கேபிளைப் பிடுங்கினார், செருகினார், உள்ளே ஊதினார், பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார், சர்வரையே அணைத்து மொத்த அலுவலகத்தையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு மறுபடி எழுப்பினார். விளக்கு எரிந்தது. கையேட்டைப் புரட்டுவதா? மானம் என்னாவது? கறுப்பு ஒட்டுநாடாவில் ஒரு துண்டு கிழித்து விளக்கின் மேல் ஒட்டினார்.

"சரியாயிடுச்சா சார்?" என்றார் அகராதியம்மா. ஒன்பது வருஷமாக ஒரே அகராதியைத் தொகுத்து வருபவர்.

"விளக்கு தெரியுதாம்மா?"

"இல்லையே."

"அப்புறமென்ன!"

அன்று முதல் மாலைதோறும் புது டேப்பைச் செருகுவார். மறுநாள் உருவி, லேபிளில் முத்துமுத்தாகத் தேதி எழுதி அடுக்குவார். அந்த அடுக்கைப் பார்க்கும்போது அவருக்கே தன் மேல் மரியாதை வரும்.

ஒரு காலையில் சர்வரின் டிஸ்க் செத்தது. அகராதியம்மா முகம் வெளுத்து ஓடிவந்தார். "சார், 'வ' வரைக்கும் முடிச்சிருந்தேன் சார்!"

"டேப் எதுக்கும்மா இருக்கு?"

போட்டார். காலி. முந்தினது? அதுவும் காலி. அடுக்கின் அடியில் ஒருவழியாக ஒன்று பேசியது. அதில் அகராதி 'ப'வோடு நின்றிருந்தது. விளக்கின் மேலிருந்த ஒட்டுநாடாவை உரித்தார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. டிரைவின் உள்ளே துடைக்கவென்றே வந்த டேப், உறைகூடப் பிரிக்காமல், ஆடுகிற மேஜைக்காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அகராதியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "'ம'லேருந்து மறுபடி ஆரம்பிக்கணும். பரவாயில்ல சார், 'மடையன்'ங்கறதுக்கு இந்தத் தடவை அர்த்தம் தேடவேண்டாம்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். 'இடம் நிரம்பிவிட்டது, படங்கள் சேமிக்கப்படவில்லை' என்று உங்கள் போன் காட்டியதை இன்று காலையும் தள்ளிவிட்டீர்களே, அந்த விரலை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.