பூட்டிய போனுக்குள் அருள் புகாது

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். கல்யாணம் ஏதுமில்லை, ஆனாலும் வாசலில் செருப்பு மலையாகக் குவிந்து கிடந்தது. உள்ளே குறிப்புச் சாமி எழுந்தருளியிருந்தார்.

செய்ய வேண்டிய வேலைகளைப் போனில் வரிவரியாக எழுதிக்கொண்டு போனால் போதும். போனை மஞ்சள் பட்டுப்பையில் கட்டி மடியில் வைத்து, கண்ணை மூடியபடியே அத்தனையும் சொல்லிவிடுவார். எந்த வரியில் தோஷம் என்றும் சொல்வார். அந்த வரியை அழித்துவிட வேண்டும். அழித்தால் வேலை தானாகவே முடிந்துவிடுமாம். சோம்பேறிக்கு இதைவிட நல்ல சாமி கிடைக்குமா?

சாமி காசைக் கையால் தொடமாட்டார். அதற்குச் சீடன் இளவரசன் இருந்தான், கழுத்தில் க்யூஆர் அட்டையோடு, கையில் டோக்கன் கட்டோடு.

பாலக்கரை வேணிக்கு இப்படி வரிவரியாக எழுதும் சங்கதி புதிதல்ல. ஒரே கோப்பு, வெறும் எழுத்து, வரிக்கொரு வேலை, முடிந்ததற்கு முன்னால் ஒரு பெருக்கல் குறி. மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் நசுருதீன் சார் கற்றுக்கொடுத்த முறை. அக்கா மணிமேகலையின் போனிலும் அவள்தான் அதைத் தொடங்கிவைத்தாள். சார் சாம்பிராணி போடவில்லை. அதனால் வகுப்பில் கூட்டமும் இல்லை.

அக்காவின் கோப்பில் 'கழுத்துக் கட்டி ஆபரேஷனுக்கு நாள் வாங்கணும்' என்று ஒரு வரி இருந்தது. போன வாரம் சாமி அதில் தோஷம் கண்டார். அக்கா அழித்துவிட்டாள். வரி போய்விட்டது. கட்டி போகவில்லை.

"தள்ளிப்போடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லக்கா?"

"நான் எழுதினதை ஒண்ணு விடாமச் சொன்னாருடி. உங்க டாக்டர் சொல்லுவாரா?"

வேணிக்கே கொஞ்சம் ஆடிப்போயிற்று. எதையும் மூன்று முறை சரிபார்த்த பிறகும் தான்தான் தப்போ என்று நினைக்கிற பெண் அவள். ஆனால் மண்டப வாசலில் ஒரு பலகை இருந்தது: 'பூட்டிய போனுக்குள் அருள் புகாது. பாஸ்வேர்டை எடுத்துவிட்டுத் தரவும்.' அப்படித் தந்த போன்கள் தாம்பாளத்தில் ஏறி, சாம்பிராணி காட்டுவதற்காகத் திரைக்குப் பின்னால் போய்விட்டு வந்தன. எல்லாச் சுவரையும் தாண்டும் அருளை நாலு நம்பர் தடுக்குமா?

அக்கா புருஷன் சின்னையாவிடம் வேணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. உங்களுக்குத் திதி கொடுக்கிற மாதிரி என் போன்ல ஒரு வரி எழுதிக்கவா?"

"எழுதினா செத்துடுவனா? வடை பாயசத்தோடயே எழுது!"

மறுநாள் அக்கா கூட்டத்தின் நடுவே கைகூப்பி உட்கார்ந்திருக்க, வேணியின் முறை வந்தது. பூட்டை எடுத்துத் தந்த அவள் போன் திரைக்குப் பின்னால் போய்வந்து பட்டுப்பையில் ஏறியது. சாமி பட்டுப்பையைத் தடவினார்.

"குழந்தே, சின்னையா... உன் அக்கா ஆத்துக்காரர். வருஷத் திதி நெருங்கறது, இல்லையா? அவரோட ஆத்மா இதோ என் பக்கத்துல நிக்கறது. தாகத்துல தவிக்கறது."

"தாகமெல்லாம் இல்லீங்க சாமி," என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல். "இப்பத்தான் டீ குடிச்சேன்."

மண்டபம் மொத்தமும் திரும்பியது. வேணி சாமியைப் பார்த்துச் சொன்னாள். "நான் பொய்யா எழுதினேன் சாமி. போனு பாவம், நம்பிடுச்சு. நீங்களுமா?"

இளவரசன் குதித்தான். "சாமி நடக்கப்போறதைச் சொன்னாரு!"

"ஓ, எனக்கு நாள் குறிச்சிட்டீங்களா?" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் சின்னையா. "சரி, எந்தத் தேதின்னு சொல்லிடுங்க. வண்டிக்குத் தவணை கட்டலாமா வேணாமான்னு பார்க்கணும்."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. வேணி போனை வாங்கி எதையோ தட்டினாள், பூட்டினாள், மறுபடியும் சாமியின் மடியில் வைத்தாள்.

"இப்பப் புதுசா ஒரே ஒரு வரி எழுதியிருக்கேன். சொல்லுங்க சாமி."

சாமி பின்னாலிருந்த திரைச்சீலையைப் பார்த்தார். திரை சாமியைப் பார்த்தது. சாமிக்குத் திடீரென்று மௌன விரதம் தொடங்கிவிட்டது.

மணிமேகலை எழுந்து வந்து முதலில் தங்கையின் கையில் நறுக்கென்று கிள்ளினாள். "உயிரோட இருக்கிற மனுஷனுக்குத் திதியாடி?" அடுத்து சாமியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

வரிசையில் நின்ற பவுனம்மாள் வேணியிடம் ஆவலாகக் கேட்டாள். "என்னம்மா, நாம எழுதினதைச் சாமி அப்படியே சொல்றாராமே?"

"சொல்றாருங்க. நாம எழுதினதை நமக்கே படிச்சுக் காட்டுறாரு. எழுதத் தெரிஞ்ச நமக்கு, படிக்கிறதுக்கு ஒரு ஆளு, யோசிக்கிறதுக்கு ஒரு ஆளா? வீட்டுக்குப் போயி நீங்களே யோசிச்சுப் பாருங்க. அதுக்கு டோக்கன் வேணாம்."