விண்ணில் வெட்டிய நான்காம் சுரங்கம்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஏழு மணி பதினான்கு நிமிடத்திற்குக் கார்முகில் தம் கண்ணால் கண்டதை எங்கள் சங்கம் ஏட்டில் ஏற்ற மறுத்துவிட்டது. என் குறை இதுவே.

மற்றபடி, நெய்வேலி நகரிய வான்நோக்கர் சங்கத்திற்கு நிகரான சங்கம் இப்பேரண்டத்தில் இல்லை. வியாழனையும் சனியையும் பணிமூப்பு வரிசைப்படி பார்ப்பவர்கள் நாங்கள் மட்டுமே. முதலில் சுரங்க நிறுவனத்தின் ‘பெர்மனென்ட்’, அடுத்து ஓய்வுபெற்ற ‘பெர்மனென்ட்’, இறுதியில் ‘கான்ட்ராக்ட்’. எங்கள் தொலைநோக்கியில் மோட்டார் கிடையாது. பூமி சுழல்வதால் இரண்டு நிமிடத்தில் கோள் பார்வையைவிட்டு நழுவிவிடும். ஆகவே ஒப்பந்த உறுப்பினர்கள் இதுகாறும் தூய இருளையே தரிசித்துள்ளனர். இருளும் வானியலின் ஓர் அங்கமே என்று அவர்களுக்கு எடுத்துரைத்துள்ளோம்.

கார்முகில் சுரங்கத்தில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன். அவருக்கு இருள் போதவில்லை. எட்டு மாதம் கண்ணாடி தேய்த்து, பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, நகரிய மதிலுக்கு வெளியே தம் வீட்டுப் பின்புறத்தில் சொந்தத் தொலைநோக்கியை நிறுத்திக்கொண்டார்.

பிப்ரவரி 9 அன்று ஒரு சிறுகோள் ஒரு விண்மீனைச் சில நொடிகள் மறைக்கவிருந்தது. ஊர்தோறும் குறிக்கும் நேரங்களைக் கோத்து, அக்கல்லின் வடிவத்தை வெளிநாட்டு மையமொன்று வரையும்; விண்மீன் மறைந்த ஊருக்கு நேரே கல் உண்டு, மறையாத ஊருக்கு நேரே இல்லை என்பது கணக்கு. எங்கள் தலைவர், ஓய்வுபெற்ற பொறியாளர் நல்லசாமியின் குவார்ட்டர்ஸ் பின்புறத்தில் கூடினோம். வரலாற்றுத் தருணம் என்பதால் தலைவருக்குச் சால்வை ஏற்பாடாகியிருந்தது.

“மேடம், ஏழு பதினாலு ஆச்சு. சால்வையை அப்புறம் போடலாமே” என்றேன்.

“சால்வையோட பாத்தாத்தான சார் போட்டோ நல்லாருக்கும்” என்றார் பொருளாளர் விஜயகுமாரி.

தலைவர் சால்வை பெற்று, கேமராவை நோக்கிப் புன்னகைத்து, ஏழு பதினைந்துக்குத் தொலைநோக்கியில் குனிந்தார்.

“நட்சத்திரம் அப்படியே நிக்குது. இந்தப் பக்கம் ஒரு கல்லும் வரல. எழுதிக்குங்க சார்.”

செயலாளனாகிய நான் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் மாலை நடந்த செயற்குழுவுக்குக் கார்முகில் வந்தார்.

“பாத்துகினே இருந்தேங்க. பொசுக்குனு அணைஞ்சிடுச்சி. நாலு செகண்டு. அப்பறம் சுவிட்சு போட்டாப்ல வந்துடுச்சி. செல்லுல வீடியோ இருக்குதுங்க.”

விஜயகுமாரி வீடியோவைப் பார்த்தார். “இதுல சிறுகோளே தெரியலையே?”

“அது மறைச்சதாலதாங்க நட்சத்திரம் தெரியல.”

“முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ப்பா எனக்கு” என்றார் தலைவர். “எனக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க அப்ப சால்வையில இருந்தீங்க சார்.”

கார்முகில் தாம் கண்டதை எழுதிய ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

“எட்டு மாசம் தேச்சதுங்க. ஒரு வரியில பேரு வந்தாப் போதும்.”

‘மறைந்துப் போனது’ என்று எழுதியிருந்தார். அந்தப் ‘ப்’ தவறு. சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தேன். ‘சிறுகோள் நகரிய எல்லைக்குள் நுழையவில்லை’ என்னும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

தீர்மானத்தைப் பெற்ற வெளிநாட்டு மையம் ஐயம் எழுப்பியது: வடக்கே மேல்பட்டாம்பாக்கத்திலும் தெற்கே வடலூரிலும் மறைந்த விண்மீன், நடுவில் உங்களுக்கு மட்டும் எப்படி மறையாமல் இருந்தது? தலைவரின் பணிக்காலச் சான்றிதழை இணைத்து, முத்திரையிட்டுப் பதில் அனுப்பினோம். மையம் எங்கள் பதிவை அப்படியே ஏற்றுக்கொண்டது.

சென்ற வாரம் படம் வெளியானது. பூசணிக்காய் போன்ற உருண்டைக் கல். அதன் நடுவே, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை, நெய்வேலி அகலத்திற்கு ஒரு பள்ளம். மண்ணில் மூன்று சுரங்கம் கண்ட ஊர், விண்ணில் நான்காவதையும் வெட்டிவிட்டது. இம்முறை எவர் நிலமும் எடுக்கப்படவில்லை; கார்முகிலின் நான்கு நொடிகள் மட்டுமே.

தலைவருக்கு மீண்டும் சால்வை போர்த்தினோம். கார்முகில் வரவில்லை.

வாசகரே, தீர்மானத்தின் முதற்கையொப்பம் என்னுடையது; என் சொல் இனி அந்த மையத்தில் எடுபடாது. நீர் எழுதும். அந்தக் கல்லில் பள்ளம் இல்லை, நான்கு நொடி மறைந்தது, பார்த்தவர் கார்முகில் என்று இன்றே எழுதும். ஒற்றுப்பிழை இருப்பினும் நான் சுழிக்கமாட்டேன்.