பாய்லர் நைனா சுட்ட பிரட்

பிரட் நன்றாக வந்துவிட்டதே என்று தேம்பி அழுத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். சித்தூரில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பாய்லர் ஓட்டியதால் ஊருக்கே பாய்லர் நைனா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

தெருவுக்குத் தெரு ஐ.எஸ்.டி. பூத் முளைத்த காலம் அது. அவருடைய ஒரே மகன் சேகர் குவைத்தில் ஒரு பேக்கரியில் வேலைக்குப் போயிருந்தான். இங்கே அவன் அம்மா கன்னியம்மாக்கா படுத்த படுக்கை. வயிற்றில் கட்டி. வேலூர் டாக்டர் கையை விரித்துவிட்டார். பாலில் நனைத்த பிரட் மட்டும்தான் இறங்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பிரட்டோடு ஒருத்தன் நடந்தால், “யாருக்கு உடம்பு சரியில்ல?” என்றுதான் கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர்தான் அதை வாங்குவார். நைனா கொண்டுவந்த பாக்கெட்டைப் பார்த்ததும் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எங்கம்மாவும் கடைசியா இதான் துன்னா, எங்கக்காவும் இதான் துன்னா. எவ எழுந்து வந்தா? எட்த்துனு போயா!”

வேறு எதுவும் உள்ளே தங்கவில்லை. அக்கா நாளுக்கு நாள் துரும்பாகிக்கொண்டிருந்தார்.

நைனா என்னிடம் வந்தார். “பாக்கெட்டுல வந்தாதான சார் அது ஆஸ்பத்திரி பிரட்டு? நானே சுடறேன், எப்டித் துன்னாதுன்னு பாக்கறேன்!”

மைதாவில் இட்லி மாவை ஊற்றிப் பிசைந்தார். “பொங்கறது எல்லாம் ஒண்ணுதான் சார்!” குக்கரில் தண்ணீர் ஊற்றி, மாவை உள்ளே வைத்து மூடி, வெயிட்டும் போட்டார். பாய்லர்க்காரர் ஆயிற்றே, பிரஷர் இல்லாமல் அவருக்கு எதுவும் வேகாது. திறந்தால் உள்ளே குக்கர் அளவுக்கு ஒரு கொழுக்கட்டை.

பூத்துக்கு ஓடினார். குவைத்துக்கு ஃபோன் இல்லாமலே கேட்டிருக்கும், அப்படி ஒரு குரல்.

“சேகரு! வெயிட்டு போடக்கூடாதா? அப்ப பிரஷரு?”

“நைனா, அது பாய்லரு இல்ல நைனா! தண்ணி வேணாம், அடியில மணலு போடு. ஈஸ்ட்டு வாங்கு… அம்மா எப்டிக்கீது நைனா?”

“அதுக்கு இன்னா, நல்லா துன்னுக்கினுகீது. நீ ஈஸ்ட்டு எவ்ளோன்னு சொல்லு.”

சேகரின் பாஸ்போர்ட் குவைத் முதலாளியிடம் இருந்தது, நினைத்தவுடன் கிளம்பி வர முடியாது. நிஜத்தைச் சொன்னால் பிள்ளை அங்கே தவிப்பான் என்று அந்த மனுஷன் தெருவே கேட்கப் பொய் சொன்னார்.

அடுத்தது அடி கருகி, நடு குழிந்து, கல்லாக வந்தது. வெட்கத்தோடு அக்கா முன்னால் வைத்தார்.

“இன்னாயா இது, அம்மிக் குழவியா?” என்றார் அக்கா. பிறகு சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. “இது பிரட்டே இல்லய்யா. குடு, துன்றேன்.” பாலில் ஊறவைத்துப் பாதியைச் சாப்பிட்டார்.

நைனா அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? இன்னும் நன்றாகச் சுட்டால் இன்னும் சாப்பிடுவாள் என்று வெறியாகப் பழகினார். ஒருநாள் காலை, பொன்னிறத்தில், தகர டப்பா அச்சில் சதுரமாக, பஞ்சாக வந்தேவிட்டது. வீடு வீடாகக் காட்டிவிட்டு உள்ளே கொண்டுபோனார்.

“கடையில வாங்கினு வந்துட்டியா?”

“ஐயோ, நானே சுட்டேன்மே!”

“அதே மாரிகீது. எனக்கு வேணாம்.” அக்கா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

நைனா வாசலில் உட்கார்ந்து, பிரட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். “நல்லா வந்துட்ச்சு சார்… நல்லா வந்து தொலைச்சிட்ச்சு.”

மறுநாளிலிருந்து வேண்டுமென்றே கெடுக்க ஆரம்பித்தார். கை பழகிவிட்டதே, கெடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மாவைக் குத்தி அமுக்குவார், கருகும் வாசனை என் வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுப்பை அணைப்பார். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்துச் சிரிப்பார். வறட்டி, செங்கல், பழைய செருப்பு. சிரித்துக்கொண்டே இரண்டு வாய் சாப்பிடுவார். மாங்காய் சீசன் வரைக்கும் அப்படியே ஓடியது. அப்புறம் அக்கா போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள்தான் சேகரால் வந்துசேர முடிந்தது. அடுப்படியில் மீதியிருந்த கருகிய பிரட்டை எடுத்துப் பார்த்தான்.

“இன்னா நைனா இது? நான் சொன்னது ஒண்ணுகூடச் செய்யலயா?”

“எல்லாம் செஞ்சேன்டா. நல்லாதான் வந்துச்சு. உங்கம்மாவுக்குப் புடிக்கல.”

சேகர் அதைப் பிட்டுப் பாலில் நனைத்து, நின்றபடியே தின்றான். நைனா அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

இப்போதும் எந்த ஊர் பேக்கரியில் நின்றாலும், “அடி கருகினது ஏதாவது இருக்கா?” என்று கேட்கிறேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும், அந்தக் கருகலைக் கையில் வாங்கினால் நைனாவைப் பார்த்த மாதிரி இருக்கும் எனக்கு.